மூன்று மணிக்கு ஊமையாகும் ஸ்பீக்கர்

வருகிற ஞாயிற்றுக்கிழமை என் அக்கா வீட்டுக்கே போய்விடப் போவதாக அப்பா அறிவித்தார். காரணம், நான் மாட்டிக்கொடுத்த ஸ்பீக்கர்.

"தினமும் மூணு மணிக்கு என் ரூம்ல மட்டும் பாட்டு நின்னுடுது. ஹால்ல பாடுது, கிச்சன்ல பாடுது, எனக்கு மட்டும் கிடையாது. நாலரைக்குத் திரும்ப வருது. ஒயருக்கு மணி பார்க்கத் தெரியுமாடா? நான் இடைஞ்சலா இருந்தா வாய்விட்டுச் சொல்லுங்க."

யாரைச் சொல்கிறார் என்பது புரியாமல் இல்லை. பகலில் வீட்டில் இருப்பது அவரும் என் மனைவியும் மட்டும்தான். அவளிடம், "அப்பா ரூம் ஒயரைத் தொட்டியா?" என்று கேட்டேன்.

"நான் ஏங்க மாமா ஒயரைத் தொடப் போறேன்?" என்றாள். பொய் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இருபது வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். பதினாறு மாடிக் கட்டடம் என் பேச்சைக் கேட்கிறது, ஒரு முழ உயரப் பெட்டி கேட்காதா? ஹால் அலமாரியில் ஆம்ப்ளிஃபயர். அதிலிருந்து ஹால், கிச்சன், எங்கள் அறை, அப்பா அறை என்று நான்கு ஸ்பீக்கர். எல்லாவற்றிலும் ஒரே ரேடியோ. முதலில் நான்கையும் நேராக ஆம்ப்ளிஃபயரிலேயே கொடுத்திருந்தேன். பாரம் தாங்காமல் அது தோசைக்கல்லாகக் கொதித்து, தானே அணைந்துபோனது. அப்புறம் இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, ஒன்றின் வழியாக இன்னொன்றுக்குக் கரன்ட் போகிற மாதிரி கோத்தேன். கொதிப்பு அடங்கியது. நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

நான்கு நாள் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் அப்பா அறையில்தான் இருந்தேன். மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒயரை இழுத்தேன், ஆட்டினேன். கிச்சன் ஸ்பீக்கரை அங்கே மாட்டினேன். எல்லாம் சமர்த்தாகப் பாடின. அப்பா கட்டிலில் உட்கார்ந்து, பெட்டியில் வைக்கச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். மண்டை காய்ந்தது எனக்கு. மதியம் சூடேறுவதாலா? பல்லி ஏதாவது உள்ளே போகிறதா? பல்லியாக இருந்தால் நாலரைக்கு டாணென்று வெளியே வருமா? அப்பா போய்விடுவாரோ என்ற பயம் ஒரு பக்கம் இருந்தாலும், அந்த மூன்று மணிக்கு என்னதான் நடக்கிறது என்று பார்க்கிற ஆசைதான் என்னைத் தூங்கவிடவில்லை. மறைப்பானேன்!

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டேன். அப்பா அறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். சொல்லிவைத்த மாதிரி மூன்று மணிக்கு, பாட்டின் பாதியில் ஸ்பீக்கர் அடங்கியது.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது சுவரின் ஓட்டை வழியாகப் பக்கத்து அறைக்கு, எங்கள் அறைக்குப் போனது. அங்கே எங்கள் ஸ்பீக்கருக்குப் பின்னால், சிவப்பு ஒயரைக் கையில் பிடித்தபடி என் மனைவி நின்றாள்.

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட வேகத்தில் கத்த வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டு உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவாங்க, மாமா தூங்குறார்."

"அந்த ஒயரை ஏன் உருவின?"

"நீங்கதானே சொன்னீங்க, சத்தம் வேண்டாம்னா செவப்பை உருவிடுன்னு? சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் மாமா கட்டில். தினமும் மூணு மணிக்கு இதை உருவிடுவேன். தையல் மெஷினையும் நிறுத்திட்டு நாலரை வரைக்கும் கையாலயே தைப்பேன். இதை உருவினதும் அங்கயும் சத்தமே இருக்காது. மாமாவும் பாட்டை நிறுத்திட்டு நல்லா தூங்குறார்னு நினைச்சுப்பேன்."

நான் அப்படிச் சொன்னது நான்கையும் தனித்தனியாக மாட்டியிருந்த காலத்தில். ஜோடி சேர்த்தபோது எங்கள் அறையையும் அப்பா அறையையும் ஒரே கோவையில் போட்டவன், இதை அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன். லிஃப்டில் ஒரு மாடிக் கதவு சரியாக மூடாவிட்டால் மொத்த லிஃப்டும் நின்றுவிடும். அதே மாதிரிக் கோவைதான். அதைப் பார்த்துத்தான் எனக்குச் சோறு!

ஒயரைச் செருகினேன். பக்கத்து அறை பாடியது. உருவினேன். நின்றது. நம்ப முடியாமல் திரும்பவும் செருகி உருவினேன்.

"யார்றா அது விளையாடுறது?" என்று அப்பா குரல் கொடுத்தார்.

இரண்டு பேரும் போய் நின்றோம். அசடு வழியச் சொல்லி முடித்தேன். என் முட்டாள்தனத்தால் அப்பா மாதக்கணக்கில் அவளைச் சந்தேகப்பட்டிருக்கிறார், நானும்தான் ஒரு கேள்வி கேட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது.

அப்பா, மடித்து வைத்த சட்டைகளைத் திரும்ப எடுத்து அலமாரியில் வைத்தார். "உங்க அக்காவுக்குப் போன் போட்டு, நாளைக்கு வரலைன்னு சொல்லிடுடா" என்றார். அப்புறம் அவளிடம், "நான் மத்தியானத்துல தூங்குறதே இல்லம்மா. உங்க அத்தை போனதுலேர்ந்து தூக்கம் வர்றதில்ல. சும்மா கண்ணை மூடிட்டுக் கிடப்பேன்" என்றார்.

நான்கு வருஷம் ஆகிறது அம்மா போய். எனக்கு இது தெரியாது.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப மெஷினை ஓட்டலாமா மாமா? சத்தம் கேட்குமே?" என்றாள்.

"ஓட்டும்மா. கேட்கட்டும். பக்கத்துல ஆள் இருக்குன்னு தெரியும்ல?"