அப்பா முடிக்காத ஜெபம்

எங்கள் வீட்டில் ஜெபம் கடைக்குட்டியில் தொடங்கி அப்பாவில் முடியும். தாத்தா போட்ட சட்டம் அது. கடைக்குட்டி வாய் திறக்காமல் மற்றவர்கள் தொடங்கக் கூடாது. மூத்தவர் முடித்து ஆமென் சொல்லாமல் ஒருவரும் எழக் கூடாது. காய்ச்சல், பரீட்சை, விருந்தாளி என்று எந்தச் சாக்கும் செல்லாது.

அன்று வாசலில் டாக்ஸி நின்றுகொண்டிருந்தது. மறுநாள் காலை அப்பாவுக்கு இதய ஆபரேஷன். சாயங்காலத்துக்குள் வந்து சேராவிட்டால் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். அடுத்த தேதி வரை தாங்குமா என்று கேட்டதற்கு டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

கட்டிலைச் சுற்றி நாங்கள் நாலு பேரும் முழங்காலில் இருந்தோம். அப்பா தம்பியைப் பார்த்து, "ஆரம்பிப்பா" என்றார்.

தம்பி லிப்ட் மெக்கானிக். வெளியூரில் வேலை. ஆபரேஷனுக்காக வந்திருந்தான். தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "என்னால முடியாதுப்பா."

"என்னடா முடியாது?"

"எனக்கு நம்பிக்கை இல்லப்பா. அது போய் ரொம்ப நாளாச்சு. சும்மா வாயால சொன்னா அது பொய்தானே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். அழுகிற பிள்ளை, அடம்பிடிக்கிற பிள்ளை எல்லாவற்றையும் அதட்டி ஏற்றியே பழக்கம். "எருமை! வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்? இதச் சொல்ல உனக்கு இன்னைக்குத்தான் நாள் கிடைச்சுதா?" என்று கத்தினேன்.

"நானா சொல்ல வந்தேன்? கேட்டதாலதான் சொல்றேன்."

வெளியே ஹாரன் அடித்தது. அம்மா அப்பாவின் தோளைத் தொட்டாள். "எழுந்திருங்க. கார்ல போகும்போது ஜெபம் பண்ணிக்கலாம். ஆண்டவர் கேக்காமலா போயிடுவார்?"

"அவன் தொடங்கட்டும்."

அப்பா வெல்டர். ஒரு காரியத்தில் கைவைத்தால் பாதியில் எழுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அவர் மேல் உதட்டில் வியர்வை பூத்திருந்தது. ஒரு கையால் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தார். மனுஷன் இங்கேயே சாய்ந்துவிடுவாரோ என்று பயந்தேன். தம்பிக்கும் அதே பயம்தான். முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேருக்கும் அச்சாக அதே பிடிவாதம்!

மறுபடியும் ஹாரன். இந்தத் தடவை நீளமாக.

"அப்பா, உங்க கால்ல விழறேன். கிளம்புங்க" என்றான் தம்பி.

அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, என் மகன் உம்மிடத்தில் பொய் சொல்ல மாட்டேன் என்கிறான். அதற்காக உமக்கு ஸ்தோத்திரம். பொய் சொல்லாதே என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். நாளைக்கு நான் கண் விழித்தாலும் விழிக்காவிட்டாலும் இவர்களைப் பார்த்துக்கொள்ளும்."

ஆமென் சொல்லாமல் அத்தோடு நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தாத்தா போட்ட சட்டத்தை அப்பாவே தலைகீழாக்கிவிட்டார். மேலிருந்து தொடங்கினால், முடிக்க வேண்டியது கடைக்குட்டி.

அம்மா அழுதுகொண்டே ஜெபித்தாள். அடுத்து நான். என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. என் காதெல்லாம் தம்பி பக்கமே இருந்தது.

என் முறை முடிந்தது. தம்பி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"நீர் இருக்கீரான்னு எனக்குத் தெரியல" என்றான் கடைசியில். "இருந்தா, கேளும். இதை நான் முடிக்க மாட்டேன். ஆமென் சொல்ல மாட்டேன். எங்கப்பா வீட்டுக்குத் திரும்பி வந்து, இதே இடத்துல இருந்து அவரே சொல்லட்டும். அதுவரைக்கும் நான் இதை இப்படியேதான் வச்சிருப்பேன்."

சொல்லிவிட்டு எழுந்து அப்பாவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேரம் பேசறான் பாரு, கழுதை" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

டாக்ஸியில் அம்மாவும் நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. பழக்கதோஷத்தில் ஆமென் என்று வாய் தவறிவிடுமோ என்று இருவருக்கும் பயம்.