இரண்டு முறை உப்பிட்ட கறி

உப்பில் கோஷர் உப்பு, கோஷர் இல்லாத உப்பு என்று எதுவும் கிடையாது. கடலில் எடுத்தாலும் மண்ணில் தோண்டினாலும் உப்பு உப்புதான். அட்டைப் பெட்டியில் அந்தப் பெயரைப் போட்டு விற்பவன் வியாபாரி. அது கறியைக் கோஷர் ஆக்குகிற, அதாவது சட்டப்படி சாப்பிடத் தகுந்ததாக ஆக்குகிற உப்பு, அவ்வளவுதான். கறியில் ரத்தம் இருக்கக் கூடாது என்பது எங்கள் யூதச் சட்டம். அரை மணி தண்ணீரில் ஊறப்போட்டு, ஒரு மணி உப்பில் புரட்டிச் சாய்வுப் பலகையில் கிடத்தி, பிறகு கழுவ வேண்டும். தூள் உப்பு போட்டால் கரைந்து கறிக்குள்ளேயே போய்விடும். கல்லுப்பு உருண்டு கீழே விழும். இரண்டுக்கும் நடுவே, செதில் செதிலாக, கறிமேல் ஒட்டி நின்று ரத்தத்தை வெளியே இழுக்கிற உப்பு வேண்டும். இது எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்ததல்ல. நான் நாலாவதோடு நின்றவன். பதினெட்டு வருடம் கறிக்கடையில் உப்புப் பலகையருகே நின்றேன். அதற்கப்புறம் அமெரிக்காவில், குவீன்ஸில் எங்கள் ஜெபக்கூடத்துச் சமையலறைக்குக் கோஷர் கண்காணிப்பாளன்.

கண்காணிப்பாளன் வேலை என்றால் யாரையும் நம்பாமல் இருப்பது. அதற்குத்தான் சம்பளம். சம்பளம் கொடுக்காவிட்டாலும் நான் அப்படித்தான் இருந்திருப்பேன்.

பழைய சமையல்காரி மகளோடு ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டாள். ஜெபக்கூடத்துத் தலைவன் ஃபைவெல் ரோட்கின், பொத்தான் கடைக்காரன், புதிதாக ஒருத்தியைக் கூட்டிவந்தான். பெயர் சுலாய். ஐம்பது வயது விதவை. சோவியத் நாட்டுச் சமர்கந்திலிருந்து வந்து எட்டு மாதம். தங்கை வீட்டில், எட்டுப் பேர் இருக்கிற இரண்டு அறையில், அடுப்புக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டிருந்தாள். ஒரு விருந்து சமைக்கட்டும், பிடித்திருந்தால் வேலை என்று ஃபைவெல் சொல்லியிருந்தான். வேலை கிடைத்தால் அதற்கொரு கடிதம் கிடைக்கும், கடிதத்தைக் காட்டினால் தனியாக ஒரு அறை கிடைக்கும். அவளுக்கு வேண்டியது அந்தக் கதவும் தாழ்ப்பாளும்தான்.

"என்ன ரெப் கெட்சல், மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றான் ஃபைவெல். கெட்சல் என் பெயர், ரெப் என்பது ஐயா மாதிரி.

"அறுபது வருஷம் கம்யூனிஸ்ட்காரன்கிட்ட இருந்துட்டு வந்த கூட்டம். பன்னிக்கும் பசுவுக்கும் வித்தியாசம் தெரியுமான்னு கேளு."

"நீங்க என் பொண்டாட்டி வச்ச சூப்பையே மோந்து பாத்துட்டுத்தானே குடிப்பீங்க."

"அது வேற விஷயம். அது ருசிக்காக."

விருந்து, பிணம் கழுவிப் புதைக்கிற எங்கள் சங்கத்தினுடையது. மோசே இறந்த நாளில் ஆண்டுக்கொருமுறை நடப்பது. அன்று சங்கத்தார் பகல் முழுவதும் நோன்பிருந்து, கல்லறைக்குப் போய், கழுவும்போது மரியாதைக் குறைவாக ஏதும் நடந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று செத்தவர்களிடம் கேட்டுவிட்டு வருவோம். இருட்டியதும் சாப்பாடு. அறுபது பேர். நானும் சங்கத்தில் ஒருவன், ஆனால் அந்த வருடம் சமையலறையைப் பார்த்துக்கொள்ளவேண்டி நின்றுவிட்டேன்.

காலை ஒன்பதுக்கு நான் போனபோது கறி முழுவதும் கழுவி, துணி போட்டு மூடியிருந்தது.

"உப்பு போட்டாச்சா?" என்று ரஷ்ய மொழியில் கேட்டேன். போரில் ஓடித் திரிந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட மொழி.

"அஞ்சு மணிக்கே வந்துட்டேன் பெரியவரே. கூட்டுற ஆள் கதவத் தொறந்து விட்டாரு. ஊறப்போட்டு, உப்பு போட்டு, கழுவியும் வச்சுட்டேன்."

"யார் பாத்தாங்க?"

"யாரு பாக்கணும்? சமர்கந்துல யாரும் பாத்துடக் கூடாதுன்னுதான் கதவச் சாத்திக்கிட்டுச் செய்வோம்." சிரித்தாள். மேல்வரிசையில் இரண்டு தங்கப் பல். "இங்க யாராச்சும் பாக்கணுமாக்கும்! அமெரிக்கா தலைகீழ் ஊரு."

ஒரு பெண் கோஷர் விஷயத்தில் வாய்ச்சொல் சொன்னால் அதை ஏற்கவேண்டும் என்பதும் சட்டம்தான். எனக்குத் தெரியும். பொதுச் சமையலறையில் கண்ணால் பார்க்காததை ஒத்துக்கொள்ள முடியாது என்று அவளிடம் நேராகச் சொல்லியிருந்தால்கூடத் தப்பில்லை. "சரிம்மா" என்று சொல்லிவிட்டேன். அதுதான் தப்பு.

பெரிய இரும்புச் சட்டியும் மஞ்சள் கேரட்டும் தங்கை வீட்டில் இருக்கிறது, எடுத்துவருகிறேன் என்று அவள் பஸ்ஸுக்குப் போனாள். போக வர இரண்டு மணி நேரம். கதவு சாத்தியதும் கறியை எடுத்துத் தொட்டியில் போட்டேன். ஊறவைத்தேன். பலகையைச் சாய்த்து உப்பிட்டேன். முப்பது பவுண்டு கறி. அலமாரியில் இருந்த பெட்டி தீர்ந்தது. அவள் சமையலுக்கென்று மண்ஜாடியில் கொட்டி வைத்திருந்ததையும் எடுத்தேன். அப்படியும் கடைசித் துண்டுகளுக்கு அரைகுறைதான்.

பலகையிலிருந்து வெறும் தண்ணீர்தான் வடிந்தது. சிவப்பே இல்லை. பதினெட்டு வருடம் அதைப் பார்த்தவனுக்கு வேறு சாட்சி வேண்டாம். அவள் சொன்னது உண்மை. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஆரம்பித்ததை முடித்துக் கழுவி, அதே துணியைப் போட்டு மூடினேன்.

ஜாடி காலி. கடை ஒன்பது தெரு தள்ளி, சமையலறையை விட்டுக் கண்காணிப்பாளன் நகரக் கூடாது. மேசைக் குப்பிகளுக்கென்று தூள் உப்பு இருந்தது. அதை ஜாடியில் முக்கால் அளவு கொட்டினேன். பெட்டியின் மூலையில் தங்கியிருந்த செதில் உப்பைத் தட்டி எடுத்து, மேலே விரல் கனத்துக்குத் தூவினேன். பார்த்தால் பழைய ஜாடிதான். அறுபத்தெட்டு வயதில் அவ்வளவு கவனமாக நான் வேறெதுவும் செய்ததில்லை.

அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். துணியை விலக்கிப் பார்த்தாள்.

"ஈரமா இருக்கே?"

"தூசு பட்டுடுச்சு. கொஞ்சம் கழுவி வச்சேன்."

"நல்லதாப் போச்சு. உங்களுக்கு ஏன் சிரமம்." அவள் அவ்வளவுதான் கேட்டாள். நான் சொன்னதை ஏற்றுக்கொண்டாள்.

வெங்காயமும் கறியும் வதங்கி, கேரட் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கொதி வந்ததும் ஜாடியைத் திறந்தாள். அவள் கையில் இருந்தது பிடி இல்லாத சின்னத் தேநீர்க் கிண்ணம். அதுதான் அவள் அளவு.

"இந்தச் சட்டிக்கு ஆறு கிண்ணம் உப்பு. அப்புறம் போடுற அரிசிக்கும் சேத்துத்தான். என் மாமியார் காலத்து அளவு, தப்பவே தப்பாது."

"ருசி பாத்துப் போடலாமே," என்றேன்.

"நோன்பு பெரியவரே. மோசேயோட நாளு. எங்க வீட்டுல எல்லாரும் இருப்போம். நீங்க வேணா பாருங்க."

"நானும் நோன்புதான்."

"அப்ப ரெண்டு பேரும் ஆண்டவன நம்பிப் போட வேண்டியதுதான்."

கம்யூனிஸ்ட் கூட்டம் என்று நான் சொன்ன பெண், யாரும் கேட்காமல் நோன்பிருந்தாள். நாக்கில் ஒரு துளி வைத்துத் துப்பக்கூட மாட்டாள்.

கொதிக்கிற சட்டியின் ஆவியில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மொண்டு மொண்டு கொட்டினாள். செதில் உப்பு ஒரு கிண்ணத்தில் பாதி காற்றுதான் இருக்கும். தூள் நெருக்கியடித்து நிற்கும், இரண்டு மடங்கு கனம். மூன்றாவது கிண்ணத்தில் எனக்கு அது உறைத்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாக உறைத்தது. ஆறாவது கிண்ணம் வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. "நிறுத்தும்மா" என்று ஒரு சொல் போதும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் ஜாடியைச் சொல்ல வேண்டும், ஜாடியைச் சொன்னால் பலகையைச் சொல்ல வேண்டும். உப்புதானே, எல்லாம் ஒன்றுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்கிறபோதே அது பொய் என்று எனக்குத் தெரியும்.

இருட்டியது. கல்லறையிலிருந்து வந்தவர்கள் பசியோடு உட்கார்ந்தார்கள். மலை மாதிரி சோறு, மேலே கறி, மஞ்சள் மஞ்சளாகக் கேரட். மணம் ஊரைக் கூட்டியது. கல்லறைக் கல் வெட்டுகிற ஹெஷல்தான் முதல் வாய் வைத்தான். மெல்லுவதை நிறுத்தினான். தண்ணீர் ஜாடியை இழுத்தான்.

"என்னய்யா இது? லோத்தோட பொண்டாட்டிய வெட்டிப் போட்டு ஆக்கிட்டாளா?"

வேதத்தில் திரும்பிப் பார்த்து உப்புத் தூணாகிப்போனவள் அவள். சிரிப்பு வெடித்தது. இன்னொருவன், "சாக்கடல்ல முக்கி எடுத்திருக்கா," என்றான். "நமக்கும் சேத்து இன்னைக்கே குழி தோண்டிடலாம்னு பாத்தாளோ," என்றான் மூன்றாமவன். பகல் முழுவதும் காய்ந்த வயிற்றுக்காரர்களுக்குக் கேலிதான் மிச்சம். ரொட்டியையும் ஊறுகாயையும் சாராயத்தையும் வைத்து நோன்பு முடித்தார்கள். தட்டுகள் அப்படியே திரும்பின.

ஃபைவெல் சமையலறைக்குள் வந்தான். கெட்டவன் இல்லை, ஆனால் அறுபது பேர் முன்னால் அவமானப்பட்டவன்.

"ஏம்மா, சமைக்கத் தெரியும்னுதானே சொன்ன?"

அவள் சட்டியிலிருந்து ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். முகம் வெளுத்தது. ஜாடியை எடுத்து, விரலை மேலே வைக்காமல் நேராக ஆழத்தில் விட்டாள். வெளியே எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தாள். நான் கதவோரம் நின்றிருந்தேன். என்னைப் பார்த்தாள், அப்புறம் அலமாரியில் இருந்த காலிப் பெட்டியைப் பார்த்தாள், அப்புறம் தொட்டியோரம் இன்னும் சாய்ந்தே இருந்த பலகையைப் பார்த்தாள்.

"என்ன கெட்சல், நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? என்ன நடந்துச்சு?" என்றான் ஃபைவெல்.

"கோஷர்ல ஒரு குறையும் இல்ல," என்றேன். "சமையலுக்கு நான் பொறுப்பில்ல."

"நாளைலேருந்து வர வேணாம்மா," என்றான் அவன் அவளிடம்.

அவள் சட்டியைக் கழுவினாள். அந்தச் சோற்றை முழுவதும் அவளே குப்பையில் கொட்டினாள். போகும்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி ரஷ்ய மொழியில் சொன்னாள்: "சந்தேகம்னா கேட்டிருக்கலாமே பெரியவரே. பக்கத்துல நின்னு இன்னொரு தடவ போட்டிருப்பேன்."

சனிக்கிழமை தொழுகை முடிந்து மீனும் சாராயமும் நின்றுகொண்டே சாப்பிடும்போது ஹெஷல் மறுபடி லோத்தின் மனைவியை எடுத்தான். அன்று வராதவர்களுக்காக முதலிலிருந்து சொன்னான். பெண்கள் பக்கத்திலும் சிரித்தார்கள். அதற்குள் தெரு முழுக்க அவளுக்கு உப்புக்காரி என்று பெயர் வந்துவிட்டது. இன்னொரு ஜெபக்கூடத்திலும் அவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக யாரோ சொன்னார்கள். என் கையில் மீன் இருந்தது. அதைத் தட்டில் திருப்பி வைத்தேன்.

"உப்பு நான் போட்டது," என்றேன்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. முழுவதையும் சொன்னேன். பலகை, ஜாடி, மேலே தூவியது, ஆறு கிண்ணம். மூன்றாவது கிண்ணத்தையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. யாரும் சிரிக்கவில்லை.

ஃபைவெல் மெதுவாகக் கேட்டான்: "இத மறைச்சிருக்கீங்க. இத்தன வருஷத்துல வேற என்னல்லாம் மறைச்சீங்க?"

"ஒண்ணுமில்ல."

"அத நாங்க எப்படி நம்புறது?"

நான் ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வி அது. ஞாயிறு காலை சாவியை வாங்கிக்கொண்டான். புதன்கிழமை சுலாய்க்கு ஆள் அனுப்பினார்கள். வேலையும் கடிதமும் கொடுத்தார்கள். இப்போது ஜெபக்கூடத்துக்குப் பின்தெருவில் ஒரு அறையில் இருக்கிறாள். வியாழக்கிழமை ஜெபக்கூடத்தில் அவள் போடும் சோற்றுக்கு ஹெஷல் இரண்டாம் தட்டு கேட்கிறானாம்.

நான் சமையலறைப் பின்வாசலுக்குப் போனேன். அவள் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன மன்னிச்சிடும்மா."

கத்தியை நிறுத்தவில்லை. "முடியாது பெரியவரே."

"எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேனே."

"வேல போனதுக்குச் சொன்னீங்க. அத விடுங்க, வந்துடுச்சு. எங்கம்மா கதவச் சாத்திக்கிட்டு உப்பு போடுவா. மாட்டியிருந்தா அப்பாவுக்கு வேல போயிருக்கும். அப்படிக் கத்துக்கிட்டது. அத நீங்க நம்பல பாருங்க, அதுக்கு என்ன சொல்வீங்க?"

வீட்டுக்கு வந்துவிட்டேன். பஸ்கா பண்டிகைக்கு முன்னால் மறுபடி போனேன். இந்தத் தடவை உட்காரச் சொன்னாள், தேநீர் கொடுத்தாள், அந்தப் பிடியில்லாத கிண்ணத்தில். தங்கை மகளுக்குக் கல்யாணம் என்றாள். மன்னிப்பு என்றதும் தலையை ஆட்டினாள். "இன்னும் வரல. வந்தா சொல்றேன்."

எங்கள் மதகுரு ரபியிடம் போய்க் கேட்டேன். "மூணு தடவ கேட்டாச்சுன்னா உங்க கடமை முடிஞ்சுது ரெப் கெட்சல்," என்றார். "அதுக்கப்புறமும் மன்னிக்கலன்னா பாவம் உங்க மேல இல்ல. அவங்க மேல."

இரண்டு தடவை ஆகிவிட்டது. ஒரு தடவைதான் பாக்கி. பின்வாசல் என் வீட்டிலிருந்து நாலு தெரு. அவள் சட்டியை இறக்கும் நேரம் எனக்குத் தெரியும். ஆனாலும் நான் போகவில்லை. போய்க் கேட்டு, அவள் மறுபடி முடியாது என்று சொல்லிவிட்டால், சட்டப்படி நான் கழுவிவிடப்பட்டவன், அழுக்கு அவள் பக்கம். இதையும் அவள் தலையில் கட்டிவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.