இரண்டு முழ ஒயர்

பிச்சாட்டூர் ஏரிக்கு அந்தாண்ட உள்ள அந்த ஊரில், ஜாத்திரைத் தேர் வரும்போது எல்லாத் தெருப் பூவும் அம்மன் கழுத்துக்குப் போகும். கடைசித் தெருப் பூ மட்டும் தேர்ச் சக்கரத்தடியில் கிடக்கும். ஏன் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காததை எதைக் கொண்டு அழிப்பது, சொல்லுங்கள்.

கடைசித் தெரு ஹரிபாபு வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறவன். ஞாயிறானால் தெர்மாகோலில் விமானம் செய்து ஏரிக்கரையில் பறக்கவிடுவான். இந்த வருஷம் ஊர்ப் பெரியவர் கோவர்த்தனனே வாய் திறந்தார்.

"ஹரி, உங்க தெருப் பூவை உன் ஏரோப்ளேன்ல கொண்டாந்து அம்மா மேல கொட்டுடா. வானத்துல இன்னா தெரு இருக்குது? சரியா நடந்துட்டா வருசா வருசம் உங்க முறைதான்."

ஹரியின் அப்பா கருப்பனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அறுபது வருஷம் குனிந்து சக்கரத்தடியில் பூ வைத்த கை அது. "கழுத்து மேலயா உழும்? நெசமாவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஹரி பெரிய விமானமாகக் கட்டினான். முன்வயிற்றில் பூப்பெட்டி வைத்ததும் மூக்கு கனத்தது. எடை சமமாகப் பேட்டரியை வாலுக்குத் தள்ளினான். மோட்டாரை ஓட்டும் கன்ட்ரோலர் மூக்கிலேயே இருந்தது. நடுவே இரண்டு முழம் ஒயர் வேண்டியதாயிற்று.

அந்தக் கன்ட்ரோலரைத் திருப்பதியில் வாங்கி வந்தவள் அவன் மனைவி கலைவாணி.

"இந்தாயா, கடைக்காரரு படிச்சுப் படிச்சு சொன்னாரு. பேட்டரி பக்கம் ஒயரை நீட்டாதீங்க, மோட்டாருக்குப் போற மூணு ஒயரை நீட்டுங்கன்னாரு. இல்லன்னா கெபாசிட்டர் சேக்கணுமாம்."

"ஏனாம்?"

"அது செகண்டுக்கு ஆயிரம் தபா கரண்டை நிறுத்தி நிறுத்தி உடுதாம். நீள ஒயர்ல ஓடுறது சொன்னவொடனே நிக்காதாம். நம்ம தேரு மாதிரி. கட்டை போட்டாலும் தள்ளிக்கினு வந்து மோதுமாம். அந்த மோதலைத் தாங்குறதுதான் கெபாசிட்டராம்."

ஹரி சிரித்தான். "போர் மோட்டாருக்கு முந்நூறு அடி ஒயர் இழுத்தவன் நான். நீளம் கூடினா தடிமனைக் கூட்டணும், அவ்ளோதான். ஒரு தபா திருப்பதி போய் வந்து எனக்கே லைன்மேன் ஆயிட்டியாமே?"

"மாத்தினா இன்னா கொறஞ்சிடும்?"

"ஒட்டினதைப் பிரிச்சா பாடி போயிடும். போ, பூவைக் கட்டு."

தடித்த ஒயரையே போட்டான். ஏரிக்கரையில் இரண்டு நிமிஷம் பறக்கவிட்டுப் பார்த்தான், நன்றாகத்தான் பறந்தது. அவன் கலைவாணியைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

ஜாத்திரையன்று விமானம் மேலே போன பிறகு தேர் தெரு முக்கில் சிக்கிக்கொண்டது. தேர் நேராகும்வரை ஹரி பாதி வேகத்தில் வட்டமடிக்க விட்டான். ஒரு சுற்று, ஐந்து சுற்று, பத்து. முழு வேகத்தில் கரண்ட் நிற்காமல் ஓடும், பாதி வேகத்தில்தான் நின்று நின்று மோதும்; அந்தப் பாதி வேகம்தான் கன்ட்ரோலருக்குப் பெரிய அடி என்று அவனுக்குத் தெரியாது. தேர் நேரானது. கடைசித் தெரு முழுக்க அண்ணாந்து நின்றது. பூப்பெட்டியைத் திறக்க ரிமோட்டில் அவன் விரல் போகும்போதே, மூக்கில் வெடி போல ஒரு சத்தம். புகை. தெர்மாகோல் பற்றி எரிந்தபடி தேர்ச்சீலை மேல் விழுந்தது. சீலை கருகி, பூசாரியின் தோள் வெந்துபோன பிறகுதான் தீ அடங்கியது.

ஹரி ஓடிப்போய்க் கன்ட்ரோலரைப் பிய்த்து எடுத்தான். கெபாசிட்டர்கள் உப்பி வாய் பிளந்திருந்தன. கை சுடச்சுட கோவர்த்தனனிடம் நீட்டினான்.

"ஐயா, பாருங்க. தப்பு என்னுது. ஒயரை நீட்டிட்டேன்."

"கடைக்காரரு அப்பவே சொன்னாருங்க ஐயா," என்றாள் கலைவாணி.

கோவர்த்தனன் அதைப் பார்க்கவே இல்லை. "ஒயரு இன்னாடா ஒயரு. அம்மா வாணாம்னுட்டா. இனி அந்தப் பேச்சே வாணாம்."

ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கடைசித் தெருவும் போட்டுக்கொண்டது. அதுதான் ஹரிக்குத் தாங்கவில்லை.

கருப்பன் தரையில் சிதறிய பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"நைனா, அம்மா ஒண்ணும் சொல்லல. நான்தான். இதைப் பாரு நைனா."

"சும்மா இருடா. அவ காதுல உழப்போவுது."

கருகாத பூவாகப் பார்த்துத் தனியே எடுத்தார். குனிந்து, சக்கரத்தடியில் வைத்துவிட்டு விலகி நின்றார். தேர் நகர்ந்தது.