கெட்டிச் சக்கரம்

1

இந்தக் கதை ஒரு கீறலில் பிறந்தது. எவ்வளவு நீளக் கீறல் என்று இப்போதே சொன்னால் எழுந்து போய்விடுவீர்கள். முதலில் ஆளைக் காட்டுகிறேன்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பிழைதிருத்துநர் ஒருவர். அடுத்தவர் எழுத்தில் ஓர் ஒற்று விட்டுப்போனால் அவருக்குச் சோறு இறங்காது. மரத்தரை போடுவது அவர் மனைவியின் தொழில். ஊரார் வீட்டுக்கெல்லாம் போட்டவள், சொந்த வீட்டுக்கு இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்துப் பலகை பலகையாக இழைத்துப் போட்டாள். (கணவன் ‘அவர்’, மனைவி ‘அவள்’. வாசகிகள் உதைப்பார்கள். இனி இவனும் ‘அவன்’தான்.)

வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது அவள் ஒன்றே ஒன்று சொன்னாள். “உங்க நாற்காலி கரகரங்குது. தரை பாழாப் போறதுக்குள்ள சக்கரத்த மாத்திடுங்க.”

2

தரை என்பது நம்மைத் தாங்கும்... (வேண்டாம். நாலு சக்கரத்துக்கு இவ்வளவு தத்துவமா? நாலு இல்லை, ஐந்து.)

கடைக்காரர் கேட்டார். “எந்தத் தரைக்குங்க?”

“மரத்தரை.”

“அப்ப மெத்துன்னு ரப்பர் போட்டது எடுத்துக்குங்க.”

“ரப்பர்லாம் தேஞ்சு போயிடும். கெட்டியா குடுங்க.”

“கெட்டியாவா?”

“நல்ல கெட்டியா.”

“உங்க இஷ்டம்.”

நீடித்து உழைப்பதை அவன் கேட்டான். கல் மாதிரி இருப்பதை அவர் கொடுத்தார். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். ஒரு சொல்லுக்காக எழுத்தாளர்களோடு நாள் முழுக்க மல்லுக்கு நிற்பவன், தன் வாயிலிருந்து வந்ததைத் திருத்தவில்லை. பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்போடு வீடு வந்தான்.

3

நாலே நாளில் தரையில் பிறை பிறையாகக் கீறல். மேலே ஒரு தடித்த விரிப்பைப் போட்டான். (விரிப்புக்குக் கெட்டிச் சக்கரம்தான் பொருத்தமாம். ஆக, தப்பை மூடியதும் எல்லாம் சரியாகிவிட்டது!)

அவள் திரும்பி வந்தாள். “என்ன, புது விரிப்பு?”

“கால் சில்லுன்னு இருந்துச்சு.”

“என் தரையா சில்லுங்குது?”

மரத்தரை சில்லிடாது. தன் வேலையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துவிட்டாள். ராத்திரி சாப்பாட்டில் பாதியை ஒதுக்கினாள். அவனுக்கு அது பொறுக்கவில்லை.

4

முடிவு ஒன்று: ரகசியமாகச் சக்கரத்தை மாற்றுகிறான், அவளுக்குக் கடைசிவரை தெரியாது. (கோழை முடிவு.)

முடிவு இரண்டு: அவள் விரிப்பைத் தூக்கி, அவனை... (எழுதக் கை வரவில்லை.)

என் கையெழுத்துப் படியை எப்போதும் முதலில் படிப்பது ஒரே ஆள். மற்றவர்கள் கொஞ்சம் வெளியே நில்லுங்கள்.

இந்தா, ரப்பர்ச் சக்கரம் மாட்டிவிட்டேன். என் நாற்காலியில்தானே உட்கார்ந்திருக்கிறாய், சத்தம் வருகிறதா? உன் தரை ஒருநாளும் சில்லிட்டதில்லை. பிழை என்னுடையது. முடிவு உன்னுடையது. சன்னல் பக்கத்து மூலையைப் பிடித்து விரிப்பைத் தூக்கு.

நான் சமையலறையில்தான் இருக்கிறேன். உள்தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். கெட்டியாக.