நடுக்குரல்காரன்

வெயில், கடல், சிரிப்பு. இந்த மூன்றை விட்டால் வேறு எதையும் பாடாத குழு ‘லெ சொலேய்’. பிரெஞ்சில் சூரியன் என்று பெயர் வைத்துக்கொண்ட மூன்று பேருமே மில்தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள்தான். அறுபதுகளில் அவர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு கடற்கரை மேடையில் ஏறினால், வைத்திக்குப்பத்துப் பெண்கள்கூட மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

மூன்று பேரும் சேர்ந்தேதான் பாடுவார்கள். மேல்குரல் அரிகிருஷ்ணன், கீழ்க்குரல் கிதார்காரன் தட்சிணாமூர்த்தி, நடுக்குரல் பஞ்சநாதன். பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்த பிரெஞ்சுக்கார வாத்தியார் போட்ட கட்டு அது. தன் குரலை விட்டு அடுத்தவன் குரலுக்குத் தாவினால் காதைத் திருகிவிடுவார். பஞ்சநாதன் நல்ல பிள்ளை, தாவவே இல்லை.

பிறகு அரிகிருஷ்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறினான். குழு கலைந்தது. பஞ்சநாதன் ஊருக்கு வெளியே மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் மரப்பெட்டிகளுக்கு ஆணி அடித்தான். ஆனாலும் என்ன வேலை என்று யார் கேட்டாலும் பாடகன் என்றே சொன்னான். கேட்டவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தது அவனுக்கும் தெரியும்.

எழுபத்தேழில் கடற்கரைச் சாலையில் ஒரு புது ஓட்டல் வந்தது. முதலாளி பக்கிரி பழைய ரசிகர்.

“சனிக்கிழமையில வந்து பாடுங்க. மொதல்ல அந்த ‘கடலோரம் வெயிலடிக்குது’ பாட்ட ஒருக்கா பாடிக் காட்டிடுங்க” என்று ஊரில் மீதியிருந்த இரண்டு பேருக்கும் சொல்லியனுப்பினார்.

பஞ்சநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இதையும் விட்டால் சாகும்வரை ஆணிதான் என்று பயமும் வந்தது. மனைவி தையல்நாயகி கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு கூடவே வந்தாள்.

தட்சிணாமூர்த்தி கிதாரை மீட்ட, பஞ்சநாதன் கண்ணை மூடிக்கொண்டு பாடினான். சுருதி சுத்தம், ஒரு பிசிறு இல்லை. கண்ணைத் திறந்தால் பக்கிரி விழித்துக்கொண்டிருந்தார்.

“வார்த்த அதேதான். மெட்டு அது இல்லியே?”

எப்படி இருக்கும்? அவன் பாடியது நடுக்குரல், மெட்டுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு போகிற துணை. மேலே அரிகிருஷ்ணன் இருந்தால்தான் அது பாட்டு. தனியாகக் கேட்டால் யாரோ எதையோ முனகுகிற மாதிரிதான் இருக்கும்.

“அரி பாடுறத பாடுடா” என்று தட்சிணாமூர்த்தி காதோடு சொன்னான்.

அந்த மெட்டு அவனுக்குத் தெரியாதா என்ன? ஆரம்பித்தான். முதல் அடி சரியாக வந்தது. இரண்டாவது அடியில் தொண்டை தானாக வழுக்கி நடுவில் போய் நின்றது. மறுபடி பாடினான், மறுபடியும் அங்கேயே போய் நின்றது. அவமானத்தில் அப்படியே செத்துவிடலாம் போலிருந்தது.

பக்கிரி நல்ல மனுஷர், கோபப்படவில்லை. “நெசமாவே நீங்க அந்தக் குழுவுல பாடுனீங்களா?” என்று மட்டும் கேட்டார். கிதாருக்குத் தட்சிணாமூர்த்தியை இருக்கச் சொன்னார். அவன் பஞ்சநாதனின் முகத்தைப் பார்க்காமலேயே சரி என்றான்.

வெளியே வந்ததும் தையல்நாயகி கல்யாணப் புடவையின் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

“பொண்ணு பாக்க வந்தப்ப, அந்தக் குழுவுல பாடுறவருன்னாங்க. கடற்கரையில கேட்ட அந்தக் கொரலுக்காவத்தான் நான் சரின்னேன்” என்றாள். “அது உங்களுது இல்லியா?”

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெம்பில்லை.

“அது அரியோடது.”

“அப்ப உங்க கொரலு எது?”

“இப்ப ஓட்டலுக்குள்ள கேட்டியே, அதுதான்” என்றான் பஞ்சநாதன்.