ரயிலிலிருந்து இறங்கியவன்

ரத்தினத்தின் சைக்கிள் கடை தென்காசி ஸ்டேஷன் ரோட்டில் இருந்தது. ஆனால் சாயங்காலம் வெயில் தாழ்ந்தபின் அவரைத் தேடுகிறவர்கள் யாரும் கடைக்குப் போகமாட்டார்கள். ஆற்றங்கரை மைதானத்துக்குத்தான் போவார்கள். சிற்றாறு கால்பந்துக் கழகம் என்று மைதானத்து ஓரத்தில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் வாயில் அது சித்தாத்து டீம். அந்த டீமில் ரத்தினம் ஒருநாளும் ஆடியதில்லை. அவர் உதைத்தால் பந்து ஒரு பக்கம் போகும், செருப்பு ஒரு பக்கம் போகும். ஆனால் டீம் எந்த ஊருக்கு ஆடப் போனாலும் லாரியில் முதலில் ஏறுகிறவர் அவர்தான். கோட்டுக்கு வெளியே நின்று அவர் போடுகிற சத்தத்தில் எதிராளி பந்தை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்ப்பான்.

அந்த டீமின் உயிர் முப்பிடாதி. அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். இடதுகால்காரன். அந்தக் காலத்தில் பூட்ஸ் யாரிடம் இருந்தது? கணுக்காலில் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடுதான் ஆடுவான். சாரல் காலத்தில் தோல்பந்து தண்ணீர் குடித்துக் கல்லாகக் கனக்கும். மற்றவர்கள் அதைத் தலையால் முட்டவே பயப்படுவார்கள். முப்பிடாதி அதை மில் மூட்டையை வாங்குவதுபோல நெஞ்சில் வாங்கி, காலடியில் போட்டு, மூன்று பேரைத் தாண்டிப் போய்விடுவான்.

ஐம்பத்து நாலாம் வருஷம் குற்றால சீசன் கோப்பையின் கடைசி ஆட்டம். எதிரில் கடையநல்லூர் டீம். அவர்களுடைய கோல்கீப்பர் காஜா, தறி நெய்கிற கைக்காரன். அந்தக் கையைத் தாண்டிப் பந்து போவது லேசில்லை. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் முப்பிடாதி இடது ஓரத்திலிருந்து அடித்த அடி, மழைக்குள் வளைந்து, காஜாவின் விரல்நுனியில் உரசிக்கொண்டு உள்ளே விழுந்தது. காஜா எழுந்து, சேற்றைத் துடைக்காமலே நடந்து வந்து முப்பிடாதியைக் கட்டிக்கொண்டான். ரத்தினத்துக்கு அன்றைக்குத் தொண்டை கட்டி, நாலைந்து நாள் சைகையால்தான் பேசினார்.

கூட்டத்தில், குற்றாலத்துக்குக் குளிக்க வந்த மெட்ராஸ் போலீஸ் அதிகாரி ஒருவர் குடைபிடித்து நின்றிருந்தார். அவர் முப்பிடாதியைக் கூப்பிட்டுப் பேசினார். போலீஸ் டீமில் ஆடலாம், வேலையும் உண்டு, அடுத்த வாரமே புறப்பட்டு வா என்றார். முப்பிடாதி சரி என்றான். அவனுக்குக் கல்யாணமாகி ஆறேழு மாசம்தான் ஆகியிருந்தது. மனைவி தங்கத்தாய் தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, இருந்த பாத்திரத்தை எல்லாம் சாக்கில் கட்டினாள்.

செய்தி ரத்தினத்தின் காதுக்கு எட்டியது. அன்று கடையில் ஒரு சக்கரத்துக்குக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார். அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். "அவன் போயிட்டா நம்ம என்னலே செய்ய? யாரைப் பாத்துச் சத்தம் போட?" என்று எதிர்க்கடைக்காரரிடம் கேட்டார். ரத்தினம் தெருத்தெருவாகப் போனார். மொட்டைக் கோபுரத்துப் பக்கம் பூ விற்கிறவர்கள், மார்க்கெட்டில் வண்டி இழுக்கிறவர்கள், பள்ளிக்கூட வாத்தியார், சலூன்காரர் என்று யாரையும் விடவில்லை. நையாண்டி மேளக்காரர்களையும் கூட்டிக்கொண்டார்.

மெட்ராஸ் ரயில் வந்து நின்றபோது பிளாட்பாரத்தில் எள் விழ இடமில்லை. வழியனுப்பத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து முப்பிடாதி ஜன்னல் வழியாகக் கும்பிட்டான். ரத்தினம் பெட்டிக்குள் ஏறினார்.

"ஏலே முப்பிடாதி, எங்கலே போற?"

"மெட்ராஸுக்கு அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியாதா?"

"அங்கன உன்னை மாதிரி நூறு பேரு இருப்பான். இங்கன நீ ஒருத்தன்தான். வெளிய பாரு. இந்தக் கூட்டம் எவனுக்குலே வரும்? மந்திரிக்கு வருமா?"

முப்பிடாதி வெளியே பார்த்தான். மேளம் நின்றுவிட்டது. அத்தனை முகமும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. மில்லில் அவனோடு மூட்டை தூக்குகிற கிழவர் ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரத்தினம் இருக்கைக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியை இழுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "நான் இறங்குதேன். நீ வந்தா வா, வராட்டி போ," என்று இறங்கினார்.

கார்டு விசில் ஊதினார். முப்பிடாதி இறங்கிவிட்டான். அவனைக் கீழே விடவில்லை, தோளுக்குத் தூக்கிக்கொண்டார்கள். மேளம் மறுபடியும் கொட்டியது. தங்கத்தாய் மட்டும் இருக்கையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ரயில் நகரப்போகிறது என்று யாரோ கத்தியபிறகுதான் சாக்கை இழுத்துக்கொண்டு இறங்கினாள். ரத்தினத்திடம் வந்து, "பெட்டிய நீங்களே வீட்டுல கொண்டாந்து வச்சிருங்க அண்ணாச்சி," என்றாள். ரத்தினம் பெட்டியைத் தலையிலிருந்து இறக்காமல், மேளத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டே அவர்கள் வீடுவரைக்கும் போனார். தன் வாழ்க்கையில் அதைப்போலச் சந்தோஷமாக இருந்த நாள் இன்னொன்று இல்லை என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

போலீஸ் டீமில் இடம் காலியாகத்தானே இருந்தது. சித்தாத்து டீமின் வலது ஓரத்தில் ரைட் அவுட்டாக ஆடிய ஆவுடையப்பன் போனான். ஓட்டத்தில் அவனுக்குக் குறைவில்லை. கோல் முன்னால் வந்தால் மட்டும் கால் தயங்கும். அவனை வழியனுப்ப அவன் அம்மா மட்டும் ஸ்டேஷனுக்குப் போனாள். ஸ்டேஷன் கூப்பிடு தூரத்தில் இருந்தும் ரத்தினம் போகவில்லை. கடையில் பஞ்சர் வேலை கிடந்தது.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களை ஊர் மறக்காது. ரயிலிலிருந்து இறங்கியவன் என்றே முப்பிடாதிக்குப் பெயராகிவிட்டது. கோல் அடிக்கிறவர்கள் செங்கோட்டையிலும் இருந்தார்கள், திருநெல்வேலியிலும் இருந்தார்கள். அவர்களுக்குக் கைதட்டினார்கள், அவ்வளவுதான். முப்பிடாதி தெருவில் வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கி நிற்பான். ஆட்டத்தில் தோற்ற அன்றும் அவனை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. நமக்காக ரயிலை விட்டவன் என்று ஒரே பேச்சுத்தான். அவனும் அதற்குக் குறைவைக்காமல் ஆடினான். காய்ச்சலோடு ஆடினான். மண்டை உடைந்து கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, அந்தத் தலையாலேயே முட்டிக் கோல் போட்டான்.

அறுபதாம் வருஷம் செங்கோட்டையில் ஆடும்போது இடது முழங்கால் திருகிக்கொண்டது. வைத்தியர் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு மாசம் தரையில் ஊன்றக் கூடாது என்றார். சீசன் கோப்பை பத்து நாளில் இருந்தது. ரத்தினம் போய்ப் பார்த்தார். ஆடு என்று அவர் சொல்லவில்லை. "நீ சும்மா வந்து கோட்டுக்குள்ள நின்னாலே போதும்லே. உன்னைப் பாத்தா அவனுக பயப்படுவான்," என்றுதான் சொன்னார். முப்பிடாதி வந்து நின்றான். நின்றவன் சும்மா இருப்பானா? பந்து வந்தது, ஓடினான். மைதானத்து ஈரத்தில் அவன் விழுந்தபோது முழங்கால் முறிந்த சத்தம், கோட்டுக்கு வெளியே நின்ற ரத்தினத்துக்கே கேட்டது.

கழகத்தில் சால்வை போட்டார்கள். பேசினார்கள். பேசியவர்கள் எல்லோரும் ரயில் கதையைச் சொன்னார்கள். அடுத்த சீசனுக்கு வேறு ஆள் அந்த இடத்தில் ஆடினான். மூட்டை தூக்க முழங்கால் ஒத்துழைக்காததால் முப்பிடாதி மில்லை விட்டான். குற்றாலத்துக்குக் குடிபோய், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலையில் சேர்ந்துவிட்டான். அந்தச் செய்தி கேட்டபிறகு ரத்தினம் சீசனுக்கு அருவிப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். கடையில் கூட்டம், இடுப்பில் வலி, சளி என்று வருஷத்துக்கு ஒரு காரணம் சொன்னார். வீட்டில் அவர் மனைவி பார்வதியம்மாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போய் வந்தாள்.

அறுபத்தைந்தாம் வருஷம் ஆடி மாசம், தொப்பியில்லாத போலீஸ் கிராப்போடு ஒரு ஆள் கடை வாசலில் வந்து நின்றான். ஆவுடையப்பன். மெட்ராஸில் ஏட்டாக இருந்தான். உடம்பு பெருத்திருந்தது.

"அண்ணாச்சி, முப்பிடாதியப் பாக்கணும். குத்தாலத்துல இருக்கானாமே. வாங்க, கூட்டிட்டுப் போங்க."

ரத்தினத்துக்குச் சொல்ல அந்த வருஷத்துக் காரணம் ஒன்றும் வாயில் வரவில்லை. கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறினார்.

பேரருவிக்குப் போகிற பாதையில், பாறைகளின் மேல் எண்ணெய்க் கிண்ணங்களை வைத்துக்கொண்டு வரிசையாக ஆட்கள் இருந்தார்கள். முப்பிடாதி ஒருகாலை நீட்டி உட்கார்ந்திருந்தான். தலை முன்பக்கம் வழுக்கை விழுந்திருந்தது. ஆவுடையப்பனைப் பார்த்ததும் பாறையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"ஏலே ஆவுட! ரைட் அவுட்டு! வயித்தைப் பாரு வயித்தை. சட்டையக் கழட்டு. உக்காரு."

"வேண்டாம்லே."

"உக்காருலே. குத்தாலம் வந்துட்டு எண்ணெ தேய்க்காமப் போனா என்ன அர்த்தம்?"

அவன் தோளை அழுத்தி உட்கார வைத்து, உள்ளங்கை நிறைய எண்ணெயை உச்சந்தலையில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தான். ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டான். ரத்தினம் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து அருவியைப் பார்த்தார்.

"மெட்ராஸ்ல நல்லா ஆடினியா?" என்றான் முப்பிடாதி.

"ஆடினேன். போலீஸ் டீம்ல ஏழு வருஷம். ஆனா மைதானத்துல என் பேரு ஒருத்தனுக்கும் தெரியாதுலே. போலீஸ்னுதான் கத்துவான். இப்ப பஸ் ஸ்டாண்டுல இறங்கி, முப்பிடாதி எங்கன இருக்கான்னு கேட்டேன். நாலு பேரு வழி சொல்லுதான். நான் யாருன்னு ஒருத்தன் கேக்கல."

முப்பிடாதி சிரித்தான். அப்போது தங்கத்தாய் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தாள். ரத்தினத்தைப் பார்த்து, "வாங்க அண்ணாச்சி. வீட்டுல சுகந்தானா?" என்று முறையாக விசாரித்தாள். பிறகு ஆவுடையப்பன் பக்கம் திரும்பினாள்.

"மெட்ராஸ்ல உங்களுக்கு வீடு குடுத்திருக்காவளாமே அண்ணே. எப்படி இருக்கும்?"

"போலீஸ் லைன்தாம்மா. ரெண்டு ரூம்பு. சின்னதுதான்."

"தண்ணிக்கு?"

"வாசல்லயே குழாய் இருக்கு."

"குழாயா?" என்றாள். "பிள்ளைகள்லாம் அங்கனயே படிக்குதாக்கும்," என்று அவளாகவே சொல்லிக்கொண்டு, தூக்குவாளியைப் பாறை இடுக்கில் வைத்துவிட்டுப் போனாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. பார்க்காத ஒரு ஊரைப் பற்றி விசாரிக்கிறவள் எப்படிக் கேட்பாளோ அப்படித்தான் கேட்டாள்.

ரத்தினத்தால் அதற்குமேல் அருவியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"முப்பிடாதி, அன்னைக்கு நான் அந்தப் பெட்டிய இறக்காம இருந்திருந்தா..."

முப்பிடாதி கையை நிறுத்தவில்லை. "பெட்டியத்தானே அண்ணாச்சி நீங்க இறக்குனீங்க. நான் நானாத்தானே இறங்குனேன்."

"இருந்தாலும்லே..."

"இறங்குனதுல எனக்கு ஒண்ணும் இல்ல. அந்தக் கூட்டத்தப் பாத்தபெறகு எவன் போவான்? ஆறு வருஷம் ராசா மாதிரிலா இருந்தேன்." ஆவுடையப்பனின் முதுகில் எண்ணெயை வழித்துவிட்டான். "ஆனா ஒண்ணு அண்ணாச்சி. அன்னைக்கு நீங்க ரயில்ல ஏறி வந்து கூப்பிடாம இருந்திருக்கலாம்."

குரலில் சூடு இல்லை. ஆவுடையப்பனைத் தட்டி எழுப்பி அருவிக்கு அனுப்பிவிட்டு, கிண்ணத்தில் மிச்சமிருந்த எண்ணெயைப் பார்த்தான். "நீங்களும் உக்காருங்க. முடியெல்லாம் காஞ்சு கெடக்கு. தேய்ச்சு விடுதேன்."

உட்கார்ந்திருக்கலாம். அந்தக் கை தலையில் பட்டிருந்தால், சொல்லவேண்டியதை ரத்தினம் சொல்லியிருப்பார். அழுதாவது இருப்பார். ஆனால் அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "கடையச் சாத்திட்டு வந்திருக்கேன்லே. இன்னொரு நாள் வாரேன்," என்றார். முப்பிடாதி சரி என்று தலையாட்டினான். ஆவுடையப்பன் குளித்துவிட்டு வரும்வரைகூட அவர் காத்திருக்கவில்லை.

அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. மறுவருஷம் சீசனில் சாரல் விழுந்த முதல் வாரமே ரத்தினம் குற்றாலத்துக்குப் போனார். பாறையில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான். "முப்பிடாதி அண்ணாச்சியா? மலைக்கு அந்தப் பக்கம் போயிட்டாவ. புனலூர்ல யாரோ எஸ்டேட்டுல காவல் வேலைன்னாவ. குடும்பத்தோட போயாச்சு," என்றான். எந்த எஸ்டேட் என்று அவனுக்குத் தெரியவில்லை. வழியனுப்ப ஸ்டேஷனுக்கு யாராவது போனார்களா என்று ரத்தினம் கேட்டார். "எதுக்கு அண்ணாச்சி?" என்று அவன் திருப்பிக் கேட்டான்.

ஊரில் முப்பிடாதியின் பெயர் குறையவில்லை, கூடியது. அவன் ஆட்டத்தைப் பார்க்காதவர்கள்கூட அந்தக் கதையைப் பார்த்ததுபோலச் சொன்னார்கள். ரயில் ஓட ஆரம்பித்தபிறகு குதித்தான் என்று ஒருவன் சொல்வான். அதிகாரி காலைப் பிடித்துக் கெஞ்சியும் மாட்டேன் என்றுவிட்டான் என்பான் இன்னொருவன். அறுபத்தெட்டில் சித்தாத்து டீம் மறுபடியும் கோப்பையை ஜெயித்தது. அன்று கழகத்து வாசலில் கூடி நின்றவர்கள், "அண்ணாச்சி, நீங்கதானே கூட இருந்தீங்க, நீங்க சொல்லுங்க," என்று ரத்தினத்தை முன்னால் இழுத்துவிட்டார்கள்.

ரத்தினம் அவர்கள் முகங்களைப் பார்த்தார்.

"அவன் போயிருக்கணும்லே," என்றார். "நம்ம விட்டிருக்கணும்."

ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை. சிலர் சிரித்தார்கள். "அவரு போயிருந்தா அப்புறம் அவரு எப்படிண்ணாச்சி முப்பிடாதி?" என்று ஒருவன் கோபமாகவே கேட்டான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அவர்கள் அவரை விட்டுவிட்டு, வேறொருவரைக் கூப்பிட்டுக் கதையைச் சொல்லச் சொன்னார்கள். அவர் மேளம் கொட்டியதிலிருந்து தொடங்கினார். கூட்டம் நெருங்கி நின்று கேட்டது. ரத்தினம் ஓரமாக ஒதுங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.