அசனச் சோற்றுக்கு ஓர் ஆங்கிலச் சொல்

வந்தனா கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. கோபக்காரர்களிடமாவது என்றைக்காவது இரக்கத்தை எதிர்பார்க்கலாம். இவள் எதையும் சிரித்துக்கொண்டே செய்கிறவள். பணக்காரக் கல்யாணங்களை எடுத்து நடத்தும் அந்தச் செம்பூர்க் கம்பெனியில், இணையதளத்துக்கும் அழைப்பிதழுக்கும் ஆங்கிலம் எழுதும் பிரிவுக்கு அவள்தான் தலைமை. பிறந்தது வளர்ந்தது எல்லாம் மாட்டுங்கா. அவளுக்குக் கீழே தாராவியிலிருந்து ஜெஸி மூன்று மாதப் பயிற்சிக்கு வந்து சேர்ந்தாள்.

வேலை நிரந்தரமானால் ஜெஸி பிழைத்தாள். ஆகாவிட்டால், உல்லாஸ்நகர் மாமா மகன் ஸ்டெர்லினுக்குக் கழுத்தை நீட்டிவிட்டு, அவர்கள் துணிக்கடையில் காலம் பூராவும் ஜாக்கெட் துணி கிழித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அம்மா ஏஞ்சலம்மாள் மாமாவிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருந்த தவணை பயிற்சி முடியும் வரைக்கும்தான்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வந்தனா ஒரு சொல் கொடுப்பாள். அதைத் தன் வீட்டை வைத்தே ஒரு வாக்கியமாக ஜெஸி சொல்ல வேண்டும். சுற்றிலும் நாலைந்து பேர் காபியோடு நின்று வேடிக்கை பார்ப்பார்கள். 'லக்ஷூரியண்ட்' என்றால் சொகுசு என்று நினைத்து, ஜெஸி வீட்டில் புதிதாக வாங்கிய மெத்தையைச் சொன்னாள். அது செழித்து வளர்கிற செடிகொடிக்கும் தலைமுடிக்கும் சொல்வது என்று வந்தனா பொறுமையாக விளக்கினாள். விளக்கிவிட்டு, "உங்காத்து மெத்தையில என்ன செடி முளைச்சிருக்கு?" என்று கேட்டாள். இன்னொரு நாள் 'ப்ரொஃப்யூஸ்'. ரத்தம், வேர்வை, மன்னிப்பு, நன்றி, இப்படி நிறுத்த முடியாமல் கொட்டுகிறவற்றுக்கு அது. "நீ எனக்கு தேங்க்ஸ் சொல்றியே, அது மாதிரி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஜெஸியும் சிரித்தாள்.

ஒன்றுமே சொல்லித்தராமல் சிரித்திருந்தால் தூவென்று துப்பிவிட்டுப் போகலாம். வந்தனா சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. அதுதான் பாவி மகளின் சாமர்த்தியம். 'லேவிஷ்' என்பதற்கும் 'எக்ஸ்ட்ராவகண்ட்' என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று ஜெஸி ஒருநாள் கேட்டதற்கு அவள் சொன்ன பதில் எந்த அகராதியிலும் கிடைக்காது.

"இருக்கிறவா அள்ளி விட்டா லேவிஷ். அதையே இல்லாதவா பண்ணினா எக்ஸ்ட்ராவகண்ட். முதல் வார்த்தையை நம்ம பிரோஷர்ல எழுது. ரெண்டாவது வார்த்தையை எழுதினா கஸ்டமர் ஓடிடுவார்."

இந்தக் கூத்தைப் பற்றியெல்லாம் ஜெஸி வீட்டில் மூச்சு விடவில்லை. "மேம் எனக்கு தினமும் தனியா பாடம் சொல்லித் தாராங்கம்மா" என்று மட்டும் சொல்லிவைத்தாள். ஏஞ்சலம்மாள் அதைக் கேட்டு உருகிப் போனாள். பெற்ற மகளே சொன்னால் நம்பாமல் வேறு என்ன செய்வாள்?

பயிற்சி முடிகிற சனிக்கிழமையன்றே அவர்கள் கோயிலில் அசனமும் வந்தது. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் எங்கே போனாலும் அசனத்தைக் கூடவே கொண்டு போவார்கள். சபையே கூடிச் சமைத்து, வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டு, மிச்சத்தை வாளியிலும் தூக்கிலும் வீட்டுக்கு வாங்கிப்போகிற விருந்து அது. மகள் வேலைக்காக ஏஞ்சலம்மாள் ஒரு ஆடு நேர்ந்து கொடுத்திருந்தாள். ஆடு நேர்ந்தவர்கள், தங்களுக்கு உதவியவர்களைத் தேடிப்போய்த் தங்கள் கையாலேயே பரிமாற வேண்டும் என்பது அவள் குடும்பத்து வழக்கம். இன்னொரு வழக்கமும் உண்டு. சாப்பிடுகிறவர்கள் 'போதும்' என்றால் காதில் வாங்கக் கூடாது. கூச்சத்தில் சொல்வார்கள், அதற்கு மேலும் மூன்று அகப்பை வைக்க வேண்டும். சொன்ன சொல்லை நம்பிக் கையை நிறுத்துகிறவள் கஞ்சப்பிசினாறி.

அன்று மத்தியானம் ஜெஸி முதலாளி மகேஷ்குமாரின் அறைக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது, ஏஞ்சலம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஒரு கையில் வாளி நிறையச் சோறு, மறு கையில் ஆட்டுக்கறிக் குழம்பு. கோயிலுக்குக் கட்டிய பட்டுச்சேலை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. ஜெஸி வாசலுக்கு ஓடினாள்.

"எம்மா, நீ எதுக்கு இங்க வந்த?"

"ஒன் டீச்சரம்மாவுக்கு என் கையால ஒருவாய் போடணும்லா. எல்லாரையும் கூப்புடு ஏளா."

வந்தனாதான் எல்லோரையும் கூப்பிட்டாள். மீட்டிங் மேஜையில், வாடிக்கையாளர்களுக்கென்று வைத்திருந்த வெள்ளைப் பீங்கான் தட்டுகளைப் பரப்பச் சொன்னாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததுமே ஜெஸி மேஜையை விட்டுத் தள்ளி நின்றாள்.

ஏஞ்சலம்மாள் பரிமாறினாள். தட்டு நிறைந்தது, இன்னும் வைத்தாள். "போதும் மாமி" என்றாள் வந்தனா. இன்னொரு அகப்பை. வந்தனா தட்டின் மேல் கையை விரித்து மறைத்தாள். "வெக்கப்படாம சாப்புடுங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே ஏஞ்சலம்மாள் குழம்பை ஊற்றினாள். அது விரல்களின் மேல் விழுந்து, வெள்ளைச் சட்டையின் கைப்பகுதியில் வழிந்து, மேஜையில் ஓடியது. யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். சத்தம் கேட்டு மகேஷ்குமாரே அறையை விட்டு வெளியே வந்துவிட்டார்.

"யே க்யா ஹை?" என்ன இது என்று இந்தியில் கேட்டார்.

வந்தனா கையைத் துடைக்கவில்லை. அப்படியே நீட்டிக் காட்டியபடி, ஜெஸிக்கு இன்று வைக்கவிருந்த கடைசிப் பரீட்சை இதுவே என்று முதலாளியிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு ஜெஸியிடம் திரும்பினாள்.

"இதுக்கு ஒரு வார்த்தை சொல்லு. ஒரு வாக்கியத்துல வச்சு சொல்லு. சார் கேட்கட்டும்."

ஏஞ்சலம்மாள் அகப்பையும் கையுமாக, எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். அத்தனை பேரும் ஜெஸியின் வாயைப் பார்த்தார்கள். 'ஜெனரஸ்' என்ற சொல் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தாராள மனசு, அவ்வளவுதான் அர்த்தம், அதுதான் உண்மை. ஆனால் அதைச் சொன்னால் இவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள் என்று தோன்றியது. உல்லாஸ்நகர்க் கடையும் கண் முன்னால் வந்து நின்றது.

"எக்ஸ்ட்ராவகண்ட்" என்றாள் ஜெஸி. அதோடு விட்டிருக்கலாம். நல்ல மாணவி, வாக்கியத்தையும் முடித்தாள். தன் அம்மாவின் விருந்து எக்ஸ்ட்ராவகண்ட், ஏனென்றால் ஒன்றும் இல்லாதவர்களுக்கு எவ்வளவு போதும் என்றே தெரியாது என்று பிசிறில்லாத ஆங்கிலத்தில் சொன்னாள்.

மகேஷ்குமார் கை தட்டினார். இந்த மாதிரி ஆங்கிலம்தான் கம்பெனிக்கு வேண்டும், திங்கட்கிழமை வந்து நிரந்தர வேலைக்கான உத்தரவை வாங்கிக்கொள் என்றார். மற்றவர்களும் கை தட்டினார்கள். ஏஞ்சலம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்னைப் பத்தித்தானே சொன்ன? என்னமோ எக்ஸ்ட்ரான்னு வந்துதே, என்னதுளா?"

வந்தனா முந்திக்கொண்டு தமிழில் கேட்டாள்: "நான் சொல்லட்டுமா ஜெஸி, நீயே சொல்றியா?"

"தாராள மனசுன்னு சொன்னேம்மா" என்றாள் ஜெஸி.

ஏஞ்சலம்மாள் அந்த ஆங்கிலச் சொல்லை முழுசாகக் கேட்டு வாங்கி, இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு ஆட்டோ ஏறினாள். அவள் போனதும் தட்டுகளில் இருந்த சோறு முழுவதும் கறுப்புக் குப்பைப் பையில் போய் விழுந்தது. வாளியைக் கழுவி வீட்டுக்குத் தூக்கி வந்தவள் ஜெஸி.

மறுநாள் ஞாயிறு ஆராதனையில், சாட்சி சொல்லுகிற நேரத்தில் ஏஞ்சலம்மாள் எழுந்து நின்றாள். "ஆண்டவர் என் மகளுக்கு வேலை குடுத்துட்டாரு. ஆபீஸ்ல அத்தன பேரு முன்னாலயும் என் மக எனக்கு இங்கிலீஷ்ல பேரு வச்சா. எக்ஸ்ட்ராவகண்ட்னு சொன்னா. முதலாளியே கை தட்டுனாரு" என்றாள். சபை முழுவதும் "ஸ்தோத்திரம்" என்றது. பாட்டுக் குழுவிலிருந்த கல்லூரிக்காரி அனிஷா மட்டும் சொல்லவில்லை. அவள் தலையைத் திருப்பி ஜெஸியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெஸி குனிந்துகொண்டு மற்றவர்களை விடச் சத்தமாக "ஸ்தோத்திரம்" என்றாள்.

ஆராதனை முடிந்து போகும்போது அனிஷா ஏஞ்சலம்மாளின் தோளைப் பிடித்து நிறுத்தி, காதோரமாக ஏதோ சொன்னாள். ஏஞ்சலம்மாள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஏஞ்சலம்மாள் ஒரு அகப்பை சோறு வைத்தாள். "போதும்மா" என்றாள் ஜெஸி, நாக்குப் பழக்கத்தில். அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒருநாளும் மதிப்பு இருந்ததில்லை. ஏஞ்சலம்மாள் கையை நிறுத்தினாள். அகப்பையைச் சட்டியில் போட்டு மூடினாள்.

ஜெஸி தட்டை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள்.

"எம்மா, இன்னும் கொஞ்சம் வையி."

"நீதானம்மா போதும்னு சொன்ன" என்றாள் ஏஞ்சலம்மாள்.